உணவகமா, உனவகமா?

லாட்டிஸ் பிரிட்ஜ் சாலையில் மாலையில் நடக்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். புதிதாகத் திறக்கும் ஓட்டல், காபிக்கடை, துணிக்கடை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே மோகம், பழைய காலத்து நிழல் எழுத்து. தடித்த எழுத்து, அதன் முதுகில் சாய்ந்தாற்போல் ஒரு கறுப்பு நிழல். ஆங்கிலப் பெயர் அந்த உடுப்பில் ஜம்மென்று நிற்கிறது. கீழே தமிழ்? கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ ஒரு எழுத்துருவை எடுத்து, நிழலுக்கு ஒரு தட்டு. வேலை முடிந்தது.

இது மூன்று சுழி ண, இது இரண்டு சுழி ன என்று பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதவைத்தே வேலைக்காலம் முழுக்கப் போனது எனக்கு. இந்த போர்டுகளில் சுழிக்குள் இருக்கவேண்டிய வெற்றிடத்தை நிழல் அடைத்துவிடுகிறது. மகரத்தின் தலையில் இருக்கும் புள்ளியும் அதில் மூழ்கிவிடுகிறது. ‘உணவகம்’ என்பது சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ‘உனவகம’. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அப்படித்தான் வாசிக்கும், அப்படித்தான் எழுதும். பிறகு பேப்பர் திருத்துகிற வாத்தியார் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும்.

“ஸ்டைலுக்குத்தானே சார், யார் வாசிக்கிறார்கள்?” என்பார்கள். யாரும் வாசிக்கவில்லை என்றால் ஆங்கிலத்தை மட்டும் ஏன் அவ்வளவு துல்லியமாக வைக்கிறீர்கள்?

நிழல் எழுத்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வார்ப்பாளர்கள் சுவரொட்டிகளுக்காக அச்சில் கொண்டுவந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் பாதிக்குமேல் நேர்க்கோடு. நிழல் சுவர்போல ஒழுங்காக விழும். தமிழோ வளைவும் சுழியும். ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் எங்கே விழவேண்டும், எங்கே மெலியவேண்டும் என்று யோசித்தாக வேண்டும். நம் ஊர் போர்டு பெயின்டர்களுக்கு இது கைவந்த விஷயம். எழுத்தை எழுதிக் காயவிட்டு, ஒரே திசையில் ஷேடு கொடுப்பார்கள். நல்ல கைக்காரர் எழுத்துக்கும் ஷேடுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுவார். மவுண்ட் ரோடு சினிமா பேனர்களை அண்ணாந்து பார்த்த தலைமுறைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் வந்தது, அவர்கள் பிழைப்பு போனது. அவர்கள் கைவேலையின் சாயலை மட்டும் இப்போது ‘விண்டேஜ்’ என்று விற்கிறார்கள்.

அதுவாவது உண்மையான பழமையா என்றால் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, னை எல்லாம் தும்பிக்கையோடு வரும். அறுபதுகளின் கடை என்று வேஷம் போட்டுவிட்டு, ‘இலை’ என்ற சொல்லில் இன்றைய லை! இதைச் சொன்னால் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்பார்கள். உண்மையிலேயே இல்லைதான்.

இன்னொரு கூத்து, கல்யாணப் பத்திரிகை முழுக்க, மெனு கார்டு முழுக்க இதே எழுத்து. தூரத்திலிருந்து ஒரு பெயரைக் காட்டப் பிறந்ததைக் கொண்டு முகூர்த்த நேரத்தை அச்சடித்தால், என் வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடியோடுதான் கிளம்பவேண்டும்.

பெயர்ப் பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்று அரசு விகிதம் வைத்திருக்கிறது. ஸ்கேல் வைத்து உயரத்தை அளக்கலாம். சுழி தெரிகிறதா என்று யார் அளப்பது?

கடை வைக்கும் தம்பிகளே, தங்கைகளே, டிசைனர் அனுப்பும் படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஒரு தாளில் அச்செடுத்து வாசலில் ஒட்டி, எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்று வாசியுங்கள். மூன்று சுழியும் எண்ணமுடியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். காசு கொடுப்பது நீங்கள்தானே?