பேனாவும் கத்தியும் ஒரே பிடியில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு ஆண்கள் ஒன்றுகூடினால் சீட்டாடலாம், அரசியல் பேசலாம். வரதய்யபாளையத்தில் என் நண்பர் வீட்டு மாடியில் கூடுகிறவர்கள் கத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். பயப்பட வேண்டாம். எல்லோரும் குடும்பஸ்தர்கள். பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் இன்ஜினியர், சூப்பர்வைசர் என்று வேலை பார்ப்பவர்கள். மடக்குக் கத்தி சேர்ப்பது பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பது மாதிரிதான். விரலில் பிளாஸ்திரி கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

ஊர் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டம். சென்னையிலிருந்து தடா வழியாகப் போனால் எல்லை தாண்டியதே தெரியாது. பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். கத்தி விஷயத்தில் மட்டும் முழுக்க ஆங்கிலம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனைக் கூப்பிட்டு எதற்கு உட்கார வைத்தார்கள் என்று முதல் அரை மணி நேரம் எனக்கு விளங்கவில்லை.

கத்தியை எடைபோடுவதற்கு இவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் விரித்து அலகை இடவலமாக அசைப்பார்கள். ஆணியில் ஆட்டம் இருந்தால் பாதி மதிப்பு போயிற்று. அடுத்து மடக்கும்போது காதில் வைத்துக் கேட்பார்கள். கடைசியாகப் பூட்டு. மடக்குக் கத்தியின் பிரச்சினையே அதுதான். வெட்டும்போது மடங்கிவிட்டால் வெட்டுப்படுவது காய் அல்ல, விரல். இந்த ஒரு சங்கடத்தைத் தீர்ப்பதற்காக நூறு வருஷத்துக்கு மேல் உலகம் மூளையைக் கசக்கியிருக்கிறது.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் என்பவர் 1890ல் செய்த விவசாயிக் கத்தி மேஜைமேல் இருந்தது. பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். அந்த வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அது 1955ல் சேர்ந்தது. அதற்குப் பிறகு பெரிதாக மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. துருப்பிடிக்காத இரும்பா, துருப்பிடித்தாலும் சுலபமாகச் சாணை ஏறும் கார்பன் இரும்பா என்று நம் ஆட்கள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் கார்பன் கட்சி. அம்மா அரிவாள்மணையில் வளர்ந்தவன் வேறெதில் சேர முடியும்?

இன்னொன்று ஜப்பானிலிருந்து, சக ஊழியர் ஒருவர் கொடுத்த அன்பளிப்பு. ஹிகோநோகாமி. ஒரு தகட்டை மடித்தால் பிடி. பூட்டே கிடையாது. அலகின் வாலை உங்கள் கட்டைவிரல்தான் அழுத்திக்கொள்ள வேண்டும். பென்சில் சீவுவதற்காக ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போன கத்தி இது. 1960ல் சோஷலிஸ்ட் தலைவர் அசானுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் கையில் இருந்தது குட்டை வாள். பழி வந்து விழுந்தது பிள்ளைகளின் பென்சில் கத்திமேல். பிள்ளைகளிடம் கத்தி கூடாது என்று இயக்கமே நடந்தது. பட்டறைகள் படுத்தன. கோபே அருகே மிகி நகரில் இன்று ஒரே ஒரு பட்டறைதான் அந்தப் பெயரைப் பொறிக்கிறது.

நம் ராம்பூருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. நவாபுகள் காலத்துக் கொல்லர் தொழில், இந்திப் பட வில்லன் கையில் 'டக்' என்று திறந்து கெட்ட பெயர் வாங்கியது. நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று 1990களில் உத்தரப் பிரதேச அரசு தடை போட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு 2023 மார்ச்சில், அதே ஊரில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியை 50 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டு நிறுத்தி, 'சாக்கு சௌக்' என்று பெயரும் வைத்தாயிற்று. செய்கிறவனைச் சிறிதாக்கிவிட்டுச் சிலையைப் பெரிதாக்குவது நமக்குக் கைவந்த கலை.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியவர் படியேறி வந்தார். துணிப்பொட்டலத்தைப் பிரித்து, "இதற்கு என்ன தேறும், சூடண்டி" என்று மேஜைமேல் வைத்தார். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் ஐந்நூறு ரூபாய் சொல்லியிருக்கிறாராம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், துருப்பிடித்த இரும்பு எதற்கு என்று மருமகளும் சொல்கிறாளாம்.

கொம்புப் பிடி. ஒரு முனையில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கத்தி. நண்பர்கள் முறைப்படி பரிசோதித்தார்கள். ஆட்டம் உண்டு. வில் கிடையாது. பூட்டு கிடையாது. மறு முனையில் ஏதோ கூர்மையான கம்பி, துருவில் இறுகியிருந்தது. "பல் குத்துகிறதா?" என்றார் ஒருவர். "கத்தியாக இது தேறாது தாத்தகாரு, ஐந்நூறே அதிகம்" என்று தீர்ப்பாயிற்று. சூப்பர்வைசர் நல்ல மனுஷர். பஃபிங் சக்கரத்தில் ஒரு சுற்றுக் கொடுத்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன், கூட இருநூறு கிடைக்கும் என்று எழுந்தேவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது கத்தி அல்ல. மடக்கெழுத்தாணி. எம்.ஏ. வகுப்பில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வாய்ப்பாடாக ஒப்பித்திருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் இவற்றை விளக்கியிருக்கிறார். ஒரு பக்கம் ஓலையை வாரக் கத்தி, மறுபக்கம் எழுத ஆணி, இரண்டும் பிடிக்குள் அடங்கும். படித்தேன், பரீட்சை எழுதினேன். கையில் தொட்டது அன்றுதான்.

பேனாக்கத்தி என்ற சொல்லை எத்தனையோ முறை யோசிக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன். இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி அது. இறகு போய், இரும்பு நிப் வந்து, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இங்கே பேனாவும் கத்தியும் ஒரே பிடியில் மடங்கிக் கிடந்தன. அதைத்தான் ஐந்நூறு ரூபாய்க்கு விலைபேசிக்கொண்டிருந்தோம்.

பெரியவரின் முன்னோர்கள் கரணம் உத்தியோகம் பார்த்தவர்கள். ஆந்திராவில் 1984ல் அந்தப் பரம்பரைப் பதவியை எடுத்துவிட்டார்கள். அவருடைய பாட்டனாரே காகிதத்தில் எழுதியவர்தான். எனில் இது இன்னும் மேலே யாருடையதோ. "எங்கள் வீட்டில் கண்டம் என்போம்" என்றார் பெரியவர். எழுத்தாணிக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் கத்தி என்று சொன்னதை மரியாதைக்காக மறுக்கவில்லை.

பிடியில் துருவுக்கும் அழுக்குக்கும் அடியில் ஏதோ கீறல்கள். எழுத்து மாதிரியும் இருக்கிறது, நகாசு மாதிரியும் இருக்கிறது. சக்கரத்தில் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வழித்துப் போயிருக்கும்.

ஆணித் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, காபி குடித்துவிட்டு வந்து திருப்பினால் கம்பி மெல்ல வெளியே வந்தது. கீழே நுங்கு வாங்கியிருந்தார்கள். அந்தப் பனையோலையில் ஒரு துண்டைக் கத்தி முனையால் நறுக்கிக்கொண்டு எழுதிப் பார்த்தேன். பாடம் செய்யாத பச்சை ஓலை. என் 'ட'வின் கீழ்க்கோடு இழையோடு போய் ஓலையைக் கிழித்தது. பெரியவர் வாங்கி, ஓலையை இடது கையில் நிறுத்தி, கட்டைவிரல் நகத்தில் ஆணியை முட்டுக்கொடுத்து, தெலுங்கில் உருண்டையாக மூன்று எழுத்து எழுதினார். கிழியவில்லை. விபூதிச் சம்புடத்தின் அடியில் இருந்ததை விரலால் தொட்டுத் தடவியதும் எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. பேத்தியின் பெயராம்.

நண்பர் தன் நோட்டுப் புத்தகத்தில் 'தேறாது' என்று எழுதியிருந்ததை அடித்தார். பெரியவர் இரண்டு முனைகளையும் மடக்கி, துணியில் சுற்றி, ஓலைத் துண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.