பசங்களுக்கு மட்டும் பி.டி. பீரியடா?

போன வாரம் பையனோட பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை. எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கு மட்டும் ஒரு டாக்டரம்மா வந்து வளரிளம் பருவம் பத்திப் பேசப் போறாங்களாம். "அப்ப உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "எங்களுக்கு பி.டி. பீரியட்ப்பா!"ன்னு குதிச்சான்.

நான் படிச்சப்பவும் இதே கதைதான். பொண்ணுங்களைத் தனியா கூட்டிட்டுப் போவாங்க, நாங்க கிரவுண்டுல. அப்புறம் ஒருநாள் வகுப்பில் ஒரு பொண்ணோட பாவாடையில் கறை. கடைசி பெஞ்சே சிரிச்சுது. நானும்தான். அந்தப் பொண்ணு ஒரு வாரம் பள்ளிக்கே வரலை. இன்னிக்கு நெனச்சாலும் கூசுது.

2007-ல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகா எல்லாம் நிறுத்தினப்போ, 'நம்ம கலாச்சாரம்' என்பதுதான் பெரிய வாதம். சரி, கலாச்சாரம் அப்படியே நிக்குதா என்ன? ஸ்வீடனில் 1955-லேயே பாலியல் கல்வி கட்டாயம். ஆரம்பத்தில் அவங்களும் 'கல்யாணத்துக்கு அப்புறம்தான்'னு போதிச்சவங்கதான். 2022-ல் பாடத்திட்டத்தைத் திருத்தி, 'சம்மதம்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்திருக்காங்க. 2018-ல் வந்த யுனெஸ்கோ வழிகாட்டியிலும் எட்டு முக்கியக் கருத்துகளில் ஒண்ணு பாலினம் பற்றிய புரிதல்.

நம்ம ஊர்ல பொண்ணுங்களுக்குச் சொல்றது 'ஜாக்கிரதையா இரு'. யார்கிட்டேர்ந்து ஜாக்கிரதை? அந்த 'யாரு' கிரவுண்டுல பந்து விளையாடிட்டு இருக்கான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லலை. பாதி வகுப்புக்கு மட்டும் நடத்தினா அது பாதிப் பாடம்தானே?

பசங்களுக்கும் இதில் நஷ்டம்தான். குரல் உடையுது, தூக்கத்தில் விந்து வெளியேறுது, யார்கிட்ட கேக்கறது? லாட்ஜில் ரூம் போட்டு பயமுறுத்தற வைத்தியர், இல்லேன்னா செல்போன். 2012 போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவங்களுக்கும் கொடுமை நடக்குதுன்னு சட்டத்துக்குத் தெரியுது, பள்ளிக்குத் தெரியலை.

பொண்ணுங்க கூச்சமில்லாம கேள்வி கேக்க தனி நேரம் வேணும், ஒத்துக்கறேன். பசங்களுக்கும் அதே மாதிரி தனி நேரம் கொடுங்க. ஆனா அடிப்படைப் பாடத்தை ஒண்ணா உட்கார வெச்சு நடத்துங்க.

தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டேன். "பசங்களுக்கு எதுக்கு சார் வம்பு?"ன்னார். அன்னிக்கு ராத்திரி நானே பையனை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் மாதவிடாய்ல இருந்து ஆரம்பிச்சேன். எனக்குத்தான் வேர்த்துது :-) அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதைச் சொல்லாம ஏன்ப்பா எங்களை வெளிய அனுப்பறாங்க?"ன்னான்.

பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.