மாமனார் பொறுக்கியது சொல், மருமகன் பொறுக்கியது கல்

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ மாப்பிள்ளையோ துபாயிலோ சிங்கப்பூரிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கலாம். போன முதல் மாசம் ஒரே புலம்பல்: சாப்பாடு பிடிக்கவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஆறாம் மாசம் ஏதோ ஒரு பழைய கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவான். "அட, ஊர் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறதே!" என்று நாமும் மூச்சு விடுவோம்.

நம் ஊருக்கு அப்படி உத்தியோகம் பார்க்க வந்தவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேரை இந்த வாரம் அறிமுகப்படுத்துகிறேன். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள், உறவு முறையில் மாமனார், மருமகன். சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோமே, அந்த ஏற்காட்டில் இருவர் கதையும் வந்து முடிகிறது.

மாமனார் பெயர் பீட்டர் பெர்சிவல். பாதிரியார். 1826-ல் இலங்கைக்கு வந்து, பின்பு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். பைபிளை நல்ல தமிழில் பெயர்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. அதற்குத் துணையாக அவர் பிடித்தது யாரை என்கிறீர்கள்? நெற்றி நிறைய விபூதி பூசிய ஆறுமுக நாவலரை! அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் நாவலர். இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். 1850-ல் புஸ்தகம் வெளிவந்தது. நாவலர் மதம் மாறவில்லை. பிற்பாடு பாதிரிமார்களைக் கண்டித்து அவர் எழுதிய எழுத்தின் காரத்தைத் தமிழ்நாடும் ஈழமும் அறியும். தமிழுக்காக ஒரு மேஜையில் உட்கார்ந்தவர்கள், சமயம் என்று வந்ததும் எதிரெதிர்த் திசை! அந்த மேஜைக்கு அருகே ஓர் ஓரமாக நின்று கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்தார். 1855-ல் 'தினவர்த்தமானி' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயரில்தான் தினம், வந்ததோ வாரம் ஒரு முறை! அதற்கு ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் சங்க நூல்களை அச்சேற்றிப் புகழ் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை. பெர்சிவல் பிரசிடென்ஸி கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார்.

ஆனால் சகோதரிகளே, நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அவர் பழமொழி சேர்த்தார். ஆறாயிரத்துக்கும் மேல்! 1874-ல் அவற்றை ஆங்கில விளக்கத்தோடு அச்சிட்டார். பழமொழி எங்கே பிறக்கிறது? கல்லூரியிலா? அம்மி அரைக்கும்போது, கிணற்றடியில், சம்பந்தி சண்டையில்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று முதன்முதலில் கைநொடித்துச் சொன்னவள் பேர் என்ன? யாருக்குத் தெரியும்! அட்டையில் துரை பேர் இருக்கிறது; பாட்டி பேர் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நம் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தும், அடுப்பங்கரைப் பேச்சை ஏட்டில் ஏற்ற ஒரு பாதிரியார் வரவேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம். பெர்சிவல் சீமைக்குத் திரும்பி ஓய்வெடுக்கவில்லை. 1882-ல் ஏற்காட்டில்தான் கண்மூடினார்.

அவர் மகளைக் கைப்பிடித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம்; 1858-ல் சென்னைக்கு வந்தபோது வயசு இருபத்து நாலு. மண்ணையும் பாறையையும் பார்ப்பதற்குத்தான் சம்பளம். 1863 மே 30-ந் தேதி, பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. ஆதி மனிதனின் கைக்கோடாரி! இந்தியாவின் சரித்திரம் ஒரே நாளில் எத்தனையோ ஆயிரம் வருஷம் பின்னுக்குப் போய்விட்டது. அதே வருஷம் செப்டம்பரில், சகா வில்லியம் கிங்குடன் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கற்களைக் கண்டார். அங்கே பிற்காலத்தில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011-ல் வெளியாயிற்று: அந்தக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் பதினைந்து லட்சம் வயசு!

1891-ல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா, மைசூர் என்று வேறு சமஸ்தானங்களுக்கும் வேலை பார்த்துவிட்டு, ஏற்காட்டில் குடியிருந்தார். நாற்பது வருஷமாகப் பொறுக்கிய கற்களையெல்லாம் 1904-ல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. அந்தக் கற்கள் ஓட்டாஞ்சில்லோடு கலந்து வீட்டில் குவிந்து கிடந்த காலத்தில், பெருக்கித் துடைத்த வீட்டு அம்மாள் என்ன சொல்லியிருப்பாளோ! 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அவர் நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில் இருக்கிறது. ஏரியில் படகு விட்டுவிட்டு, லேடீஸ் சீட்டில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கேயும் ஒரு கால்மணி நேரம் நின்று வரலாம்.

இன்னொன்று. ஃபூட் துரை வருவதற்கு வெகு காலம் முன்பே, கற்காலத்து வழுவழுப்பான கோடாரிகளை மலைவாசிகள் அறிவார்கள். சேர்வராயன், ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் உழும்போது கிடைக்கும் அந்தக் கல்லை எறிந்துவிடாமல், சின்னக் கோவிலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவந்தார்கள். அதன் வயசைக் கணக்கிட்டது துரை. அதுவரை பத்திரமாக வைத்துக் காப்பாற்றியது அவர்கள்.

ஆகவே ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போன்ற மலைக்கிராமங்கள் பக்கம் காப்பித் தோட்டம் பார்க்கப் போனால், மரத்தடிக் கோவிலில் எண்ணெய் பளபளக்க ஒரு கூர்க்கல் கண்ணில் படலாம். கும்பிட்டுவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள். ஞாபகார்த்தம் என்று கைப்பையில் மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்!