பேப்பருக்குப் பேப்பர் பீஸ்! பாரம் சுமக்கிறவன் தலையிலேயே கூடுதல் சுமையா?

கோவை,

மகனை என்ஜினீயரிங் காலேஜில் சேர்த்துவிட்ட அப்பா–அம்மாவுக்கு ஒரு கணக்கு மட்டும் கடைசிவரை பிடிபடுவதே இல்லை. வருஷ பீஸ் எவ்வளவு என்பது சேரும்போதே தெரிந்துவிடுகிறது. நகையை அடகு வைத்தோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ கட்டி விடுகிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை "பரீட்சை பீஸ் கட்டோணும்" என்று பையன் வந்து நிற்கிறானே, அந்தத் தொகை ஒரு தடவை இருந்த மாதிரி மறு தடவை இருப்பதில்லை.

"ஏனுங்க, போன தடவை இவ்வளவு இல்லீங்களே?" என்று கேட்டால், "இந்தத் தடவை பேப்பர் ஜாஸ்தி" என்று பதில் வருகிறது.

விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பாசும் டிக்கெட்டும்

காலேஜ் பீசில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, மாதாந்திர பஸ் பாஸ் மாதிரி. எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரே தொகை. வருஷ பீஸ் இந்த ரகம். 2017–ல் தனியார் என்ஜினீயரிங் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக் கட்டணம் 50 ஆயிரம் ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55 ஆயிரம் என்றும் கட்டணக் குழு நிர்ணயம் செய்தது. பையன் எத்தனை பாடம் படிக்கிறான் என்று அதில் யாரும் எண்ணுவதில்லை.

மற்றொன்று, டவுன் பஸ் டிக்கெட் மாதிரி. ஸ்டேஜ் கூடக்கூட காசு கூடும். பரீட்சை பீஸ் இந்த ரகம். ஒரு பேப்பருக்கு இவ்வளவு என்று ரேட்டு. எத்தனை பேப்பரோ, அத்தனை மடங்கு.

கோவையில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தாங்களே பரீட்சை நடத்திக்கொள்கின்றன. மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம்தான் பரீட்சை நடத்துகிறது. ரேட்டும் அங்கிருந்துதான் வருகிறது.

2023 நவம்பரில் கொதிப்பு

அந்த ரேட்டுதான் 2023 நவம்பரில் மாணவர்களைக் கொதிக்க வைத்தது. இளநிலை மாணவர்களுக்கு ஒரு பேப்பருக்கு 150 ரூபாயாக இருந்த கட்டணம் 225 ரூபாய் ஆக்கப்பட்டது. புராஜெக்டுக்கு 300 ரூபாயாக இருந்தது 450 ஆனது. ஒரே அடியாக 50 சதவீதம் உயர்வு!

பல பக்கமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது உயர் கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி, உயர்வு அந்த செமஸ்டருக்கு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவித்தார். மாணவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் நிறுத்தி வைப்பது வேறு. ரத்து செய்வது வேறு. அதைவிட, "பேப்பருக்கு இவ்வளவு" என்ற முறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கணக்குப் பார்ப்போமா?

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவரின் மகன் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்த செமஸ்டரில் அவனுக்கு 9 பேப்பர். பழைய ரேட்டில் 1,350 ரூபாய். புது ரேட்டு வந்திருந்தால் 2,025 ரூபாய். 675 ரூபாய் கூடுதல்.

அதே பையனுக்கு 5 பேப்பர் அரியர் இருந்தால்? மொத்தம் 14 பேப்பர். பழைய ரேட்டில் 2,100. புது ரேட்டில் 3,150. கூடுதல் 1,050 ரூபாய்!

"அரியர் வைத்தவன் அனுபவிக்கட்டும்" என்று சிலர் சொல்லலாம். சரி, நன்றாகப் படிக்கிறவன் கதையைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் படித்தால் 'ஆனர்ஸ்' பட்டம் வாங்கலாம். மூன்று கிரெடிட் பாடமாக எடுத்தால் 6 பேப்பர். 150 ரூபாய் ரேட்டில் 900. 225 ரூபாய் ரேட்டில் 1,350. ஆக, தோற்றவனுக்கும் கூடுதல் பீஸ். ஆசைப்பட்டு அதிகம் படிக்கிறவனுக்கும் கூடுதல் பீஸ்.

சலுகை எட்டாத இடம்

இதில் இன்னொரு சிக்கல். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அரசு சலுகை உண்டு. ஆனால் அது டியூஷன் பீசுக்குத்தான். பேப்பர் கணக்கில் வரும் பரீட்சை பீசை அது தொடுவதில்லை. அதாவது, பாஸ் மாதிரியான தொகைக்கு அரசு கை கொடுக்கிறது. டிக்கெட் மாதிரியான தொகை அப்பன் பையில் இருந்துதான் போகிறது.

கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் இருக்கிற அரியரோடு புது அரியரும் சேரும். அடுத்த செமஸ்டரில் பேப்பர் எண்ணிக்கை ஏறும். பீசும் ஏறும். காலேஜுக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பல, அரியர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கின்றன. ஆயிரம் ரூபாய்க் குறைவு ஒரு வேலையையே காவு வாங்கி விடும்.

பணம் கட்டியவன் பாஸ்!

பரீட்சை பீசின் மகிமையை 2020–ல் ஊரே பார்த்தது. கொரோனா காலம். ஆகஸ்ட் 26–ந்தேதி, அப்போதைய முதல்–அமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இறுதி செமஸ்டர் தவிர, அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்குப் பரீட்சையில் இருந்து விலக்கு! கல்லூரி வாசல்களில் ஒரே கொண்டாட்டம்.

பணம் கட்டியவனுக்கு விலக்கு. புரட்ட முடியாமல் விட்டவனுக்கு அது கிடையாது. படிப்பை வைத்து அல்ல, ரசீதை வைத்துக் கோடு போட்டார்கள். முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்பட சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பரீட்சை நடத்தாமல் பாஸ் போடக் கூடாது என்று 2021–ல் சென்னை ஐகோர்ட்டு சொல்லி விட்டது.

அதே 2021–ல், 20 ஆண்டு பழைய அரியர்காரர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் கடைசி வாய்ப்பு கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பேப்பர் பீஸ் போக, தனியாக 5 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னது.

பல்கலைக்கழகம் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பேப்பர் கூடினால் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், விடைத்தாளைத் திருத்த ஆசிரியருக்குப் பணம் கொடுக்க வேண்டும். செலவு நிஜம்தான். வருஷக்கணக்கில் ரேட்டை ஏற்றாமலே இரு என்று சொல்வதும் சரியல்ல.

அமெரிக்காவிலும் பாரம் கூடினால் பணம் கூடும். ஆனால் அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு செமஸ்டரில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். அதற்கு மேல் போனால்தான் கிரெடிட் கணக்கில் கூடுதல். கொஞ்சம் அதிகம் படிக்க ஆசைப்படுகிறவன் காசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

மூன்றே மூன்று காரியம். பரீட்சை பீஸ் உயர்வை, பரீட்சை நெருங்கும் நவம்பரில் சொல்லாமல், காலேஜ் திறக்கும்போதே வருஷ பீசோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு செமஸ்டருக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது என்று உச்சவரம்பு வேண்டும். மூன்றாவது, முதல் பட்டதாரி சலுகை இந்த பீசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பஸ்சில் மூட்டை அதிகம் இருந்தால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார். அது வியாபார மூட்டை, சரி. புத்தக மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டால் ஏழை வீட்டுப் பையன் எந்த ஸ்டேஜில் இறங்குவது?