சத்தம் தாங்காத காதுகளும் இயர்பட்டும்: இரத்தோட்டைப் பெற்றோர் அமைப்பொன்றின் நிலைப்பாடு

தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் குக்கர் விசிலடித்தால் அந்தச் சத்தம் சுவருக்கு மேலால் ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடும். அங்கே டிவியில் நாடகம் ஓடினால், இங்கே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடத்துக்குப் பதில் வசனம் மனப்பாடமாகும். தெருவில் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும். தகரத்தில் மழை அறையும். பழகிய காதுகள் இவற்றைச் சத்தமென்றே கணக்கெடுப்பதில்லை. ஆனால் விசில் கிளம்பியதுமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கும் பிள்ளைகளும் இந்த மலையில் இருக்கிறார்கள். "செல்லம் கூடிப்போச்சு" என்பதுதான் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர்.

அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. இரத்தோட்டைப் பெற்றோர் அமைப்பின் நிலைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மற்றவர்கள் சாதாரணமாகக் கேட்கும் ஒலியே வலியாக வந்து தாக்கும் நிலைக்கு ஹைப்பரக்யூசிஸ் என்று பெயர். மெல்லுவது, உறிஞ்சுவது போன்ற குறிப்பிட்ட சில சத்தங்கள் அடக்க முடியாத கோபத்தையும் பதற்றத்தையும் கிளப்புவது மிசோபோனியா. இந்தச் சொல் 2001இல்தான் மருத்துவத்துக்குள் வந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கும் சத்தம் பெரும் தொல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, புலன்களின் மிகையான எதிர்வினையை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

ஆகவே, இரைச்சல் நீக்கும் இயர்பட் இப்படிப்பட்டவர்களுக்கு ஆடம்பரப் பொருளாகாது. மூக்குக்கண்ணாடி போல அதுவும் ஒரு துணைக்கருவி. வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளை அதை மாட்டியிருப்பதை மரியாதைக் குறைவு என்று கொள்ளக்கூடாது. ஆனால் காசைக் கொடுக்குமுன் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கருவி வெளிச் சத்தத்தை ஒலிவாங்கியால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதைக் கரைக்கிறது. ஜெர்மானியரான பவுல் லூக் 1936இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் வரும் ஒலியைத்தான் அது நன்றாக வெல்லும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி இரவு முழுக்க முரலும். அதன் அருகே குடியிருப்பவருக்கு இயர்பட் நல்ல நித்திரையைத் தரக்கூடும். குக்கர் விசில், தட்டு விழும் சத்தம், குழந்தையின் அழுகை வேறு ரகம். இவை திடீரென்று, உயர்ந்த சுருதியில் வருபவை. மின்சுற்றால் இவற்றைப் பெரிதாகத் தடுக்க முடியாது. காதை இறுக அடைக்கும் சிலிக்கன் முனைதான் இங்கே வேலை செய்கிறது. பெட்டியில் வரும் வெவ்வேறு அளவு முனைகளை எல்லாம் போட்டுப் பார்த்து, பொருந்துவதைத் தெரிவுசெய்வது அவசியம்.

மலிவுப் பெட்டிகளில் 'இஎன்சி' என்ற எழுத்துகளைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது தொலைபேசியில் மறுமுனையில் இருப்பவருக்கு நம் குரல் தெளிவாகக் கேட்பதற்கான வசதி. நம் காதுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. தேட வேண்டியது 'ஏஎன்சி'. கடையில் ஓடும் மின்விசிறியின் கீழ் நின்று மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் அந்த நொடியே தெரிந்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கு இயர்பட்டை அமைப்பு பரிந்துரைக்கவில்லை. தொழிற்சாலைகளில் மாட்டும், காதை முழுதாக மூடும் காதுமூடி அவர்களுக்குப் போதும். அதற்குப் பற்றரி வேண்டாம். பாட்டைக் கூட்டி வைக்கும் ஆபத்தும் இல்லை.

எந்தக் கருவியானாலும் நாள் முழுக்க மாட்டக்கூடாது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு வாரம் இடைவிடாமல் காதடைப்பான் அணிந்தவர்களின் காது முன்னிலும் கூர்மையாகிப்போனது. மெல்லிய இரைச்சலைக் கேட்டு வந்தவர்களுக்கோ தாங்கும் சக்தி கூடியது. அதனால் சமையல் நேரம், பஸ் பயணம் என்று கடினமான பொழுதுகளுக்கு மட்டும் மாட்டி, பிறகு கழற்றிவிட வேண்டும். வெளிச் சத்தத்தை மூடப் பாட்டைக் கூட்டுவதும் கெடுதல். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. பிள்ளைகளுக்கு 75 டெசிபல். எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டிச் செவிப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

முழுச் சுமையையும் அந்தப் பிள்ளையின் காதிலேயே வைப்பதை அமைப்பு ஏற்கவில்லை. சுற்றியிருப்பவர்களும் சத்தத்தைக் குறைக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் உத்தரவிட்டது. வெலிகமைப் பள்ளிவாசல் வழக்கில் வந்த அந்த உத்தரவு எல்லா மதத்தவருக்கும் பொது. இரத்தோட்டையிலும் அது நடைமுறையில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் செய்யக்கூடியவை இன்னும் எளியவை: விசில் வருமுன் "குக்கர் கத்தப்போகுது" என்று ஒரு வார்த்தை சொல்வது, டிவியைப் பொதுச்சுவரில் இருந்து தள்ளி வைப்பது.

மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு மேளம் அடிக்க வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. தப்பில்லாமல் கூத்தேது? ஒலிபெருக்கியின் வாயை லயத்தின் பக்கம் திருப்பாமல், அடி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று முதல் நாளே தெரிவிக்கும்படி கோயில் கமிட்டிகளை அமைப்பு கேட்டுக்கொள்கிறது. நேரம் தெரிந்தால் பிள்ளைக்குக் காதுமூடியை மாட்டி, சற்றுத் தள்ளி மேட்டில் நிறுத்தி, மதனும் ரதியும் ஆடி வருவதைக் காட்டலாம்.