கல்லுக்கு நூறு மீட்டர், நமக்கு?

முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்கு. 1996இல் திறந்தது. செட்டிநாட்டு வணிகரின் வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து தூண் தூணாகத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அக்ரகார வீடும் இருக்கு, திண்ணையோட. பார்க்க அழகுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க பாட்டி வீட்டை எப்படிப் பேத்தெடுப்பீங்க? மண்சுவரும் பனையோலையும். ரெண்டு மழை பலமாப் பெஞ்சா மண்ணோட மண்ணு.

ஏன் கல்லுல கட்டலைன்னு கேக்கலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் பதில் இருக்கு. சேரிக்காரன் குடியிருந்த மனையே மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினா மனையைக் காலி பண்ணுன்னு மிரட்டலாம். நாளைக்கே துரத்தப்படக்கூடியவன் எவனாவது கருங்கல்லுல அஸ்திவாரம் போடுவானா?

நினைவுச்சின்னச் சட்டம் இந்தக் கதையைக் கேக்காது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நூறு வருசத்துக்குக் குறையாமல் நிலைத்திருந்தால்தான் அது புராதனச் சின்னம். நிலைக்க விடாதவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு மாமல்லபுரத்துச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுசா எதுவும் கட்டக்கூடாது. அதுக்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பல்லவன் கல்லைக் காப்பாத்தட்டும், அது நமக்கும் வேணும்.

அதே மண்ணுல இன்னொரு காவலும் போட்டாங்க. திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை. பத்து வருசத்துக்கு விக்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது. அப்புறம் வித்தாலும் நம்மாளுக்குத்தான் விக்கணும். மீறினா சர்க்கார் திரும்ப எடுத்துக்கலாம். கர்சன் கொண்டுவந்த நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1904. அதைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தது நம்ம ஆணை. நூறு வருசக் கணக்குப்படி பார்த்தா 1992லேயே புராதனமாயிடுச்சு. இதைச் சிதைச்சவன் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனான்?

காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன நம்ம சனங்க அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலையை அகற்றினார்கள். நியாயம் கேட்டுப் போனவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மாமல்லபுரத்துக் கல்லை உலகச் சொத்துன்னு யுனெஸ்கோ அறிவிச்சு அப்போ சரியா பத்து வருசம்.

தொல்லியல் துறைக்காரங்க சின்னத்துக்குச் சின்னம் நீலப் பலகை நடுறாங்க. காரணையிலயும் ஒண்ணு நடட்டும். 1892ன்னு வருசம் போட்டு, நிபந்தனைய முழுசா எழுதி, மீறினவன் பட்டாவ ரத்து பண்ணிட்டு.