ஆட்டம் முடிந்தது, வழக்கு முடிந்ததா?

"விளையாட்டிலே அரசியலைக் கலவாதீர்" என்று உபதேசிப்போர் எந்த நாட்டிலும் உளர். அவர்களிடம் ஒரேயொரு வினாவை விடுக்க விரும்புகின்றேன். 1920ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே, குரோக் பார்க் என்னும் விளையாட்டுத் திடலுக்குள் அரசியலைக் கொண்டு நுழைந்தவர் யார்? பந்தோடு நின்ற முப்பது இளைஞரா? துப்பாக்கியோடு வந்த பொலிஸ் படையினரா?

இந்த வினாவுக்கு விடை கூறாது அந்த உபதேசத்தைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

1920ஆம் ஆண்டுக்குரிய அகில அயர்லாந்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 1922ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான் முடிவு கண்டது. ஒரு பருவத்து ஆட்டம் இரண்டு ஆண்டு இழுபட்டது. அது ஏன் இழுபட்டது, எவ்வாறு முடிந்தது, முடியாமல் எஞ்சி நிற்பது எது என்பவற்றை வாசகர் முன் வைப்பதே என் நோக்கம்.

எம்மவர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று இது. ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் காலால் உதைக்கலாம்; கையாற் பிடிக்கலாம்; ஏந்திக்கொண்டு சில அடிகள் ஓடலாம். இரு நெடுங் கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்து சென்றால் அன்று ஒரு புள்ளி. கீழாகச் சென்றால் ஒரு கோல், அதாவது மூன்று புள்ளிகள். ஆடுவோருக்குச் சம்பளம் இல்லை. ஊருக்கு ஒரு கழகம். கவுண்டி எனப்படும் மாவட்டத்துக்கு ஓர் அணி. வாரம் முழுவதும் வயலிலோ வகுப்பறையிலோ கந்தோரிலோ உழைத்தவன் ஞாயிற்றுக்கிழமை தன் மண்ணுக்காக ஆடுவான். இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, திப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் பட்டினத்தில் நிறுவப்பட்டது.

அனுமதிச் சீட்டு

பந்துக்கும் அரசுக்கும் பகை எவ்வாறு மூண்டது? 1918ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பொதுக் கூட்டம் எதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று பிரித்தானிய ஆட்சி கட்டளையிட்டது. விளையாட்டுப் போட்டியும் பொதுக் கூட்டமே என்று அதிகாரிகள் வியாக்கியானம் செய்தனர். சங்கம் என்ன செய்தது? கல்லெறிந்ததா? இல்லை. அனுமதி கேட்பதில்லை என்று தீர்மானித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 4ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு, நாடெங்கும் ஒரே வேளையில் ஆட்டம் தொடங்கியது. சுமார் 54,000 பேர் ஆடினர் என்பது வழங்கும் கணக்கு. அத்தனை பேரையும் மறியலில் அடைக்க எந்த அரசிடம் சிறைக்கூடம் உண்டு? அனுமதிச் சீட்டின் வீறாப்பு அன்றோடு அடங்கியது.

அரசியலை யார் கலந்தனர் என்பதற்கு இது முதற் சான்று. பந்தை உதைக்கவும் அரசின் கையொப்பம் வேண்டும் என்ற கணமே பந்து அரசியலாயிற்று. ஆக்கியவர் ஆண்டவர், ஆடியவர் அல்லர்.

அந்த ஞாயிறு

1920இல் நாடு போரில் மூழ்கியிருந்தது. சுற்றுப்போட்டி தடைப்பட்டு நின்றது. அந்நிலையில் திப்பரேரியும் டப்ளினும் ஒரு சவால் ஆட்டம் ஆட இணங்கின. அது சுற்றுப்போட்டிக்குரிய ஆட்டம் அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். கிடைக்கும் பணம் சிறைப்பட்டிருந்த குடியரசுவாதிகளின் குடும்பங்களுக்கு உரியது. இதையே எதிர்த்தரப்பினர் பெரிய குற்றமாகச் சுட்டுவர். சுட்டட்டும். சிறை சென்றவனின் மனைவி மக்களுக்குச் சோறு கொடுப்பதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

அன்று காலை, மைக்கேல் கொலின்சின் ஆட்கள் பிரித்தானிய உளவு அதிகாரிகளெனக் குறிக்கப்பட்டவர்களைத் தங்குமிடங்களிற் புகுந்து சுட்டனர். பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவருள் உளவுத் தொழிலோடு தொடர்பற்றவரும் இருந்தனர். இதனை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. மறைக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

பிற்பகல் ஆயிரக்கணக்கான மக்கள் குரோக் பார்க்கில் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பொலிசாரும் துணைப்படையினரும் வந்திறங்கினர். ஆயுதந் தேடிச் சோதனையிடுவதே அவர்கள் வந்த காரியம். நடந்தது சோதனை அன்று. ஏறத்தாழ 90 விநாடி நேரம் வேட்டுகள் தீர்ந்தன. 14 உயிர்கள் போயின. 10 வயது, 11 வயது, 14 வயதுச் சிறுவர் மூவர். சில நாட்களில் மணமாகவிருந்த 26 வயதுப் பெண். திப்பரேரி அணியின் மைக்கேல் ஹோகன் என்னும் கமக்காரர். வீழ்ந்து கிடந்த ஹோகனின் காதிலே இறுதிப் பிரார்த்தனை சொல்லக் குனிந்த இளைஞர் ஒருவரும் சுடப்பட்டு இறந்தார்.

பூட்டிய அறை

இனி ஒரு சட்டத்தரணியாகப் பேசுகின்றேன். ஒருவன் வன்செயலால் மாண்டால், மரண விசாரணை அதிகாரி ஜூரிகளோடு பகிரங்கமாக அமர்ந்து விசாரிப்பது பிரித்தானியர் பெருமையோடு பேசிய முறை. அந்த முறை என்னவாயிற்று? 1920 மார்ச்சில் கோர்க் நகர மேயர் தொமாஸ் மக்கேர்ட்டன் தம் வீட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரலில் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்: கொலை, குற்றவாளிகள் பொலிசாரும், அவர்களை ஏவிய ஆட்சியும், பிரதம மந்திரி லொயிட் ஜோர்ஜும். நாலே மாதம் சென்றது. ஆகஸ்ட் மாதத்தில் நிறைவேறிய அயர்லாந்து ஒழுங்கு மீட்புச் சட்டம், மரண விசாரணையை ஜூரிகளின் கையிலிருந்து பறித்து இராணுவத்திடம் கொடுக்க வழி செய்தது. தீர்ப்புப் பிடிக்கவில்லையாயின் மேன்முறையீடு செய்வது சட்டம். நீதிபதியையே மாற்றிவிடுவது எதேச்சாதிகாரம்.

ஆகவே குரோக் பார்க்கில் மாண்ட 14 பேரின் மரணத்தையும் இராணுவ விசாரணை மன்றுகள் இரண்டு விசாரித்தன. எங்கே? டப்ளினின் இரு வைத்தியசாலைகளில், கதவைச் சாத்திக்கொண்டு. எவ்வாறு? இராணுவ அதிகாரிகளே நீதிபதிகளாக. அப்படிப்பட்ட மன்றும் என்ன கண்டது? முதல் வேட்டு அடையாளந் தெரியாத பொதுமக்களிடமிருந்து வந்தது என்று அரச தரப்பின் கூற்றை ஏற்றுக்கொண்ட பின்னரும், பொலிசார் கட்டளையின்றிச் சுட்டனர், நிலைமைக்கு வேண்டியதற்கு மிஞ்சிச் சுட்டனர் என்று எழுதவேண்டியதாயிற்று. தன் தரப்பு மன்றே தனக்கெதிராக எழுதிய அந்தக் கடதாசியை அரசு என்ன செய்தது? பெட்டியில் வைத்துப் பூட்டியது. ஏறக்குறைய 80 ஆண்டுகளின் பின்னரே உலகம் அதைப் படித்தது. தாயும் தகப்பனும் உடன்பிறந்தாரும் மண்ணுக்குள் போனபின் வெளிவந்த உண்மை யாருக்குப் பயன்?

மூன்று சமாதானங்கள்

எதிர்த்தரப்பு மூன்று சமாதானங்கள் சொல்லும். முதலாவது: காலையில் அவர்கள் கொன்றார்கள், பிற்பகலில் இவர்கள் கொன்றார்கள், கணக்குச் சரி. இது கணக்கும் அன்று, சட்டமும் அன்று. காலையிற் சுட்டவன் பிற்பகலில் ஆட்டம் பார்த்த பத்து வயதுச் சிறுவனா? ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் ஊரவன் என்பதற்காக மற்றொருவனைத் தண்டிக்கலாம் என்றால், நீதிமன்றங்களை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். அன்றியும், காலைக் கொலைகளுக்காக இருவர் விசாரிக்கப்பட்டு 1921 மார்ச் 14ஆந் திகதி தூக்கிலிடப்பட்டனர். பிற்பகற் கொலைகளுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. இதுவா சரியான கணக்கு?

இரண்டாவது: கூட்டத்திலிருந்தே முதல் வேட்டு வந்தது. வந்ததென்றே வைத்துக்கொள்வோம். ஓடும் கூட்டத்தின் முதுகிலே சுடுவதற்கு அது நியாயமாகுமா? ஆகாது என்று அவர்களுடைய மன்றே சொல்லிவிட்டது. அதற்குமேல் நான் வாதாட வேண்டியதில்லை.

மூன்றாவது: பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? புண்ணைத் திறந்து கழுவியவன் இப்படிக் கேட்டால் பொருளுண்டு. 80 ஆண்டு மூடிக் கட்டியவன் கேட்பதற்கு என்ன தகுதி?

திறந்த திடல்

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 1921 யூலை 11ஆந் திகதி போர் ஓய்ந்தது. டிசம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதை ஏற்பதா மறுப்பதா என்று நாடே பிளவுண்டது. அந்தக் குழப்பத்தின் நடுவே சங்கம் ஓர் அலுவலை மறக்கவில்லை: 1920ஆம் ஆண்டுப் போட்டி முடியவில்லை. "இரண்டு ஆண்டு போய்விட்டது, கைவிடுவோம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1922 யூன் 11ஆந் திகதி, அதே குரோக் பார்க்கில், அதே திப்பரேரியும் டப்ளினும் இறுதியாட்டத்தில் எதிர்நின்றன. திப்பரேரிக்கு ஒரு கோலும் ஆறு புள்ளிகளும். டப்ளினுக்கு ஒரு கோலும் இரண்டு புள்ளிகளும். ஒன்பதுக்கு ஐந்து என்ற கணக்கில் திப்பரேரி வென்றது. அதன் பின்னர் இன்றுவரை அகில அயர்லாந்து உதைபந்தாட்டப் பட்டம் அந்த மண்ணுக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆட்டம் சமாதானத்தைக் கொண்டுவந்ததா? இல்லை. பதினேழே நாளில், யூன் 28ஆந் திகதி, ஒப்பந்தத்தை ஏற்றவர் மறுத்தவர் மீது பீரங்கி தொடுத்தனர். சகோதர யுத்தம் மூண்டது. ஆயினும் அடுத்த ஆண்டுகளின் போட்டிகளும் பிந்தியேனும் ஒவ்வொன்றாக ஆடி முடிக்கப்பட்டன. தொடங்கிய காரியத்தைப் பலர் அறியப் பகிரங்கமாக முடித்துவைப்பது ஒரு சமூகத்தின் முதுகெலும்பு. அரசு தன் விசாரணையைப் பூட்டிய அறையில் முடித்தது. சங்கம் தன் போட்டியைத் திறந்த திடலில் முடித்தது. எது நீதிமன்றம் போல் நடந்தது என்பதை வாசகரே தீர்ப்பளிக்கட்டும்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹோகனின் பெயரால் அங்கே பெரிய பார்வையாளர் மேடை எழுந்தது. ஏனையோரிற் பலரின் புதைகுழிகளுக்கு மிக நெடுங்காலம் ஒரு பெயர்க்கல்லும் இல்லை. அண்மை ஆண்டுகளிலேதான் சங்கம் அக்குழிகளைத் தேடிக் கல் நாட்டியது. ஆட்டக்காரனை நினைத்துப் பார்வையாளனை மறப்பதும் அநீதியே. பிழையைத் திருத்தினார்கள் என்பதால் அது பிழையன்று என்று ஆகிவிடாது.

நினைவு வைத்திருப்பவன் பகை வளர்ப்பவன் என்கிறார்களே, அதற்கும் விடை அந்தத் திடலிலேயே இருக்கிறது. பிரித்தானியப் படையினரும் வட அயர்லாந்துப் பொலிசாரும் உறுப்பினராவதைத் தடுத்த விதியைச் சங்கம் 2001இல் நீக்கியது. 2007 பெப்ரவரி 24ஆந் திகதி இங்கிலாந்து றக்பி அணி குரோக் பார்க்கில் ஆடியது. அதன் தேசிய கீதம் அமைதியோடு கேட்கப்பட்டது. 2011 மே மாதத்தில் எலிசபெத் மகாராணி அங்கே வரவேற்கப்பட்டார். பெயர்களை மறந்தா இவற்றைச் செய்தார்கள்? பெயர்களை வாயாற் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்கள்.

நூறாண்டு நிறைந்தது. 2020 நவம்பர் 21ஆந் திகதி இரவு, கொள்ளை நோயினால் ஆளற்றுக் கிடந்த குரோக் பார்க்கில் 14 பெயர்களும் வாசிக்கப்பட்டு 14 தீபங்கள் ஏற்றப்பட்டன. மறுநாள் திப்பரேரி அணி 1920இன் வெள்ளையும் பச்சையுமான சட்டையை அணிந்து கோர்க்கை வென்று, 1935க்குப் பின் முதன்முறையாக மன்ஸ்டர் மாகாணப் பட்டத்தைப் பெற்றது. அவ்வாண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் 1920இல் வந்த அதே நான்கு: டப்ளின், கவன், மேயோ, திப்பரேரி. விதியின் விளையாட்டு என்று பலர் வியந்தனர்.

வியக்கட்டும். எனக்கு வியப்பு அதுவன்று. 14 பெயர்களையும் பகிரங்கமாக வாசிக்க ஒரு நூற்றாண்டு சென்றதே, அதுதான். டப்ளின் அவ்வாண்டு பட்டத்தை வென்றது, ஆட்டம் முடிந்தது. 1920 நவம்பர் 21இன் வழக்கிலே ஒரு குற்றவாளியின் பெயரும் இன்னும் அழைக்கப்படவில்லை. பந்துக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டவர்களிடம் இன்று நாம் கேட்பது ஒன்றே: உங்கள் துப்பாக்கிக்கு அன்று அனுமதி கொடுத்தவர் யார்?